வானலையில் எழுந்த குரல்: மாச்னூர் சங்கம் வானொலியின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் உயர்வு தாழ்வினை அளந்தறிய அறிஞர்கள் பல அளவுகோல்களைக் கூறுவர். நிலம், பொருள், கல்வி, பதவி ஆகியன அவற்றுள் தலையாயவை. இவற்றோடு இன்னுமோர் அளவுகோலையும் நாம் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அச்சமுதாயத்தார் தம் செய்தியைத் தம் வாயால், தம் மொழியில், பிறர் செவியிற் படுமாறு கூற இயலுகின்றதா என்பதே அது. நிலம் பெற்றும் பேச்சுரிமை பெறாதவன் அந்நிலத்தைக் காத்துக்கொள்ள மாட்டான். கல்வி பெற்றும் தன் குறையை ஊரறியக் கூற இயலாதவன் அக்கல்வியின் பயனை முழுமையாகத் துய்க்க மாட்டான்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893-ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே இதழின் பெயராகத் தாங்கி நின்ற துணிவு அவருடையது. அயோத்திதாச பண்டிதர் 1907-ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள் ‘மூக்நாயக்’ இதழை வெளிக்கொணர்ந்தார். ‘ஊமையரின் தலைவன்’ என்பது அப்பெயரின் பொருள். அவ்விதழ் வெளிவருவதை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டுகூட வெளியிட அந்நாளில் பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய ‘கேசரி’ இதழ் மறுத்துவிட்டது. ஆகவே, பேசுவதற்கு நமக்கென ஓர் இடம் வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. நூற்றாண்டைக் கடந்த தாகமாகும்.

அச்சிதழுக்கு எழுத்தறிவு வேண்டும். வானொலிக்கு அது வேண்டியதில்லை. செவியுள்ளோர் எவரும் கேட்கலாம். நாவுள்ளோர் எவரும் பேசலாம். எனினும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு மிகவும் பொருந்திய இக்கருவியே மிகப் பிந்தி அவர்கள் கைக்கு வந்தது. அவ்வாறு வந்து சேர்ந்த ஒரு சிறு நிலையத்தின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது தெலங்கானா மாநிலத்தின் மேற்கெல்லையை ஒட்டிய ஜஹீராபாத் வட்டாரத்தில், மாச்னூர் என்னும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட மகளிரால் நடத்தப்பெறும் ‘சங்கம் வானொலி’யாகும்.

கேட்க மட்டுமே இருந்த காலம்

அந்நிலையத்தின் பெருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். இந்தியாவில் கம்பியின்றி ஒலிபரப்பும் உரிமை யாருக்கு உரியது என்பதை 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமே முடிவு செய்தது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது வானொலி பிறக்கவேயில்லை. ஆயினும் தந்தி முறைகள் அனைத்தும் அரசின் தனியுரிமை என்று அது கூறியமையால், பின்னர்ப் பிறந்த வானொலியும் அவ்வேலிக்குள்ளேயே பிறந்தது.

1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தார் 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருட்குறையால் 1927-இல் அக்கழகம் ஓய்ந்தது. பின்னர் 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் ஏற்பட்டது. சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்கு வாய்த்தவை டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலக்னோ, திருச்சி ஆகிய ஆறு நிலையங்களே. இவையனைத்தும் அரசினுடையவை, நகரங்களில் அமைந்தவை.

சிற்றூர்களுக்கு வானொலி எவ்வாறு வந்தது என்பதை நம் முதியோர் அறிவர். ஊராட்சி மன்றத்தில் ஒரு பெட்டி வைக்கப்பெற்றது. அதனோடு இணைந்த ஒலிபெருக்கி ஓர் உயர்ந்த கம்பத்தில் கட்டப்பெற்றது. மாலையில் ஊரார் மேடையில் அமர்ந்து கேட்டனர். பல ஊர்களில் அம்மேடை நம் மக்கள் தாராளமாகச் சென்று அமரக்கூடிய இடத்தில் இருக்கவில்லை. சேரிக்கும் ஊருக்கும் இடையே இருந்த வயல்வெளியைக் கடந்து காற்று எதைக் கொண்டுவந்து சேர்த்ததோ அதுவே நம்மவர் கேட்ட வானொலி. காற்றுக்குத் தீண்டாமை தெரியாது. பெட்டியை வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணல் அம்பேத்கரின் குரலும் அரசு வானொலியில் ஒலித்ததுண்டு. 1954-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலியில் தம் வாழ்க்கைத் தத்துவத்தைப் பற்றி உரையாற்றியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியினின்றும் பெறவில்லை என்றும், தம் ஆசானாகிய புத்தரின் போதனைகளினின்றும் பெற்றதாகவும் அவர் விளக்கினார். நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த மாமேதைக்கு அந்த ஒலிவாங்கி கிடைத்தது. வயலில் களை பறிக்கும் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வானலை யாருடையது?

இவ்வினாவுக்கு 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விடை பகர்ந்தது. வழக்கு எழுந்த சூழலோ கிரிக்கெட் ஆட்டம். 1993-இல் நடைபெற்ற ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பற்றி வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் எழுந்த பிணக்கு அது. நீதியரசர்கள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய ஆயம், வானலைகள் பொதுமக்களின் உடைமை என்றும், அவை பொது நலனுக்காகவே பயன்படுத்தப்பட வேண்டும் என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தத் தன்னுரிமையுடைய பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

பொதுச் சொத்து என்று ஏட்டில் எழுதப்படுவது வேறு. அது பொதுமக்கள் கைக்கு வருவது வேறு. பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை என்பவற்றின் வரலாறு நமக்கு இதனை முன்னரே கற்பித்துள்ளது. மகத் நகரத்துச் சவுதார் குளம் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியதென நகராட்சி தீர்மானித்த பின்னரும், அக்குளத்து நீரை அள்ளிப் பருக 1927-இல் அண்ணல் அம்பேத்கர் ஓர் அறப்போரையே நடத்த வேண்டியிருந்தது. வானலையின் கதையும் அத்தகையதே. தீர்ப்புக்குப் பின் முதலில் திறந்த கதவு பொருள் படைத்தோருக்கே. தனியார் பண்பலை நிலையங்களுக்கான உரிமங்கள் ஏலத்தில் விடப்பட்டன. 2001-ஆம் ஆண்டு முதல் அவை நகரங்களில் ஒலிக்கத் தொடங்கின. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்தும் உரிமை வழங்கப்பெற்றது. அவ்வழியில் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தோன்றிய நிலையமே இந்திய நாட்டின் முதல் சமுதாய வானொலி என்பது தமிழர்க்குப் பெருமை தருவதாகும்.

ஆயினும் சிற்றூர் மக்களுக்குக் கதவு அடைபட்டே இருந்தது. பீகாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் ஓர் ஏழை இளைஞர், தம் பழுதுபார்க்கும் கடையில் மிகக் குறைந்த செலவில் தாமே அமைத்த கருவியைக் கொண்டு ஊராருக்கு ஒலிபரப்பி வந்தார். உரிமம் இன்மையால் 2006-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. கருவி செய்யும் அறிவு ஏழையிடம் இருந்தது. அனுமதிச் சீட்டுத்தான் இல்லை.

ஜஹீராபாத்து மகளிர்

இனி மாச்னூருக்கு வருவோம். ஜஹீராபாத் வட்டாரம் தக்காணப் பீடபூமியைச் சேர்ந்த வானம் பார்த்த பூமி. முன்னர் ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தெலங்கானா தனி மாநிலமானபின், 2016-இல் ஏற்பட்ட மாவட்டச் சீரமைப்பால் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களில் நிலமுடையோரும் ஓரிரு ஏக்கர் மேட்டு நிலத்தையே உடையவர்கள். சோளம், தினை, சாமை, துவரை ஆகியவற்றை ஒரே வயலில் கலந்து விதைப்பது அவர்களது தொன்றுதொட்ட வேளாண் முறை.

1983-ஆம் ஆண்டில் அங்குள்ள பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிக் கழகம் என்னும் தொண்டு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியோருள் ஒருவரும் பல்லாண்டு வழிநடத்தியவருமான பி.வி. சதீஷ், முன்னர்த் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறைந்தார். இக்கழகத்தின் முயற்சியால் ஊர்தோறும் மகளிர் ‘சங்கங்கள்’ அமைந்தன. அவற்றின் உறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பறியாத ஏழைப் பெண்கள். அவர்கள் தரிசு நிலங்களைத் திருத்தினர். அழிந்துவந்த விதைகளைச் சேர்த்துக் காத்தனர். தம் நிலத்தில் விளைந்த சோளத்தைத் தம் ஊர் ஏழைகளுக்கே வழங்கத் தானியக் களஞ்சியங்களை ஏற்படுத்தினர்.

இத்தகைய மகளிர் தமக்கென ஒரு வானொலி வேண்டும் என்று ஏன் விழைந்தனர்? அவர்கள் கூறிய காரணம் எளியது. அந்நாளைய வானொலி வேளாண்மையைப் பற்றிப் பேசாமலில்லை. ஆனால் அது பாசன நிலத்தையும், இரசாயன உரத்தையும், பூச்சிமருந்தையும், ஆய்வு நிலையத்து விதையையுமே பேசியது. அவர்களுடைய சோளமும் தினையும் அதில் இடம்பெறவில்லை. பேசிய மொழியும் கற்றோரின் தெலுங்கு. அவர்கள் வீட்டில் வழங்கும் வட்டார வழக்கன்று. தம் உணவும், தம் விதையும், தம் சொல்லும் ஒருங்கே இழிவென்று கருதப்படும் நிலையை அவர்கள் அப்பெட்டியிலிருந்து உணர்ந்தனர். ஒன்றைப் பழித்துக் கூறினால்தான் இழிவு என்பதில்லை. ஒருநாளும் அதனைக் குறிப்பிடாது விடுவதும் இழிவேயாகும்.

ஐக்கிய நாடுகள் அவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் துணையுடன் 1998-ஆம் ஆண்டளவில் மாச்னூரில் வானொலி நிலையம் உருவாயிற்று. ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, அவற்றை இயக்கப் பழகிய பெண்களும் இருந்தனர். ஒலிபரப்பும் உரிமம் மட்டும் கிட்டவில்லை. 2000-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சமுதாய வானொலியை விழைவோர் ஒன்றுகூடி ‘பஸ்தாபூர் முன்முயற்சி’ எனும் அறிக்கையை வெளியிட்டனர். அரசு வானொலி, வணிக வானொலி ஆகிய இரண்டோடு, மக்களுடைய மூன்றாவது வானொலியும் நாட்டில் இடம்பெற வேண்டும் என்று அவ்வறிக்கை வேண்டியது.

உரிமத்துக்காகக் காத்திருந்த பத்தாண்டுகளே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது எம் கருத்து. ஒலிபரப்ப வழியில்லை என்று அம்மகளிர் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடவில்லை. பதிவு செய்துகொண்டே இருந்தனர். விதைப்புப் பாடல், அறுவடைப் பாடல், மருத்துவக் குறிப்பு, விழாக் கதை, பெண்கள் தம் துன்பங்களைப் பற்றி நிகழ்த்திய உரையாடல் ஆகியன நாடாக்களில் ஏறின. அந்நாடாக்களை ஊர்களுக்கு எடுத்துச் சென்று, சங்கக் கூட்டங்களில் மகளிர் வட்டமாக அமர்ந்து கேட்டனர். வானில் செல்ல வேண்டிய குரல் கையில் தூக்கிச் செல்லப்பட்டது. கேட்டவர்கள் குறைகளைச் சுட்டினர். மறுமுறை அவை திருத்தப்பெற்றன. ஆக, உரிமம் வந்து சேர்ந்தபோது அவர்கள் கற்றுக்குட்டிகளாக இல்லை; கைதேர்ந்தவர்களாக இருந்தனர்.

1995-இல் எழுதப்பட்டது 2008-இல் ஒலித்தது

2006-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒன்றிய அரசு புதிய கொள்கையை அறிவித்தது. அதன்படி இலாப நோக்கமற்ற தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்றாயிற்று. ஒலிபரப்பின் ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படலாகாது. கம்பத்தின் உயரம் 30 மீட்டரைத் தாண்டலாகாது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டாரத்திலேயே உருவானவையாக இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில.

2008-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள், அதாவது உலகச் சிற்றூர் மகளிர் நாளன்று, 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. அதனைத் தொடங்கி வைத்தவர் வேறு யாருமல்லர். வானலை மக்கள் உடைமை என்று தீர்ப்பெழுதிய நீதியரசர் சாவந்த் அவர்களே. தீர்ப்பு, தான் பிறந்த பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், உரியோர் வாயிலை வந்தடைந்தது.

நிலையத்தின் பொறுப்பை ஏற்ற பெண்கள் இருவர். இருவர் பெயரும் நரசம்மா என்பதால், ஒருவர் ஜெனரல் நரசம்மா எனவும், மற்றவர் ஆல்கோல் நரசம்மா எனவும் வழங்கப்பெற்றனர். இருவரும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். ஒலிப்பதிவு செய்தல், பிழை நீக்கித் தொகுத்தல், ஒலிபரப்புக் கருவியை இயக்குதல் ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தனர். தொடக்கக் காலத்தில் நாள்தோறும் மாலை 7 மணி முதல் 9 மணி வரை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. வயலிலிருந்து மீண்ட பெண்கள் அடுப்பேற்றி, உண்டு, ஓய்ந்திருக்கும் நேரம் அது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர்ச் சுற்றளவிலுள்ள ஊர்கள் அதனைக் கேட்டன.

பண்பலையின் இயல்பு அத்தகையது. அது பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. கம்பம் எவ்வளவு உயரமோ அதற்கேற்பவே எட்டும் தொலைவும் அமையும். தலைநகரத்து நிலையத்தோடு ஒப்பிட இது மிகச் சிறியதுதான். ஆனால் சிறுமையே இதன் வலிமையுமாகும். பேசுபவரைக் கேட்பவர் அறிவர். இன்று பாடியவரை நாளைச் சந்தையில் காணலாம். அவர் கூறியது தவறாயின் முகத்துக்கு நேரே சொல்லலாம். எந்த விதையை எந்தக் கார்த்தியில் ஊன்றுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது, களஞ்சியத்துத் தானியத்தை எவ்வாறு காப்பது என்பன போன்ற அன்றாட அறிவை, அதனைக் கடைப்பிடித்தவரே எடுத்துரைப்பர். எழுத்தறியாத மூதாட்டியும் அங்கே ஆசிரியராவார்.

பேச்சுக்கு அனுமதி, செய்திக்குத் தடை

இவ்வரலாறு இவ்வளவில் இனிதே முடிந்தது என்று கூற இயலவில்லை. 2006-ஆம் ஆண்டுக் கொள்கையில் ஒரு தடை உண்டு. சமுதாய வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்பலாகாது. நடப்பு அரசியல் பற்றிய நிகழ்ச்சிகளையும் நடத்தலாகாது. வானிலை, விழாக்கள், உள்ளூர் விளையாட்டு, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நோய்த்தடுப்பு ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகள் மட்டும் செய்தியாகக் கருதப்படா என்று விலக்களிக்கப்பெற்றுள்ளன. செய்தியிதழும் தொலைக்காட்சியும் நடத்தும் தனியாருக்குச் செய்தி கூறும் உரிமை உண்டு. ஊருக்குள் ஒலிக்கும் 100 வாட் வானொலிக்கு அது இல்லை. இத்தடையை எதிர்த்து 2013-ஆம் ஆண்டில் ‘காமன் காஸ்’ என்னும் பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஆயினும் தடை இன்றும் நீங்கவில்லை.

இதன் பொருள் யாது என்பதை நம் மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். இன்று எவ்வூரில் குடிநீர் வரும் என்று அறிவிக்கலாம்; ஆனால் பொதுக் குழாயில் எவரெவர் நீர் பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்டனர் என்பதைச் செய்தியாக வாசித்தல் ஆகாது. வேலை உண்டு என்று அறிவிக்கலாம். அவ்வேலைக்குச் சட்டப்படியான கூலி கொடுக்கப்படவில்லை என்பதைச் செய்தியாக்க இயலாது. பெண்கள் தம் வாழ்க்கை அனுபவத்தை உரையாடலாக எடுத்துக் கூறுவதற்கு இடமுண்டு. அவ்வாறே பல உண்மைகள் பேச்சின் வடிவில் வெளிவருகின்றன. எனினும் ‘இன்று இன்ன ஊரில் இது நிகழ்ந்தது’ என்று கூறும் உரிமை, ‘எனக்கு இப்படி ஒரு துன்பம் உண்டு’ என்று கூறும் உரிமையினும் வேறானது. முன்னது சான்று, பின்னது முறையீடு. நம் மக்கள் காலங்காலமாக முறையிட்டே வந்துள்ளனர். சான்றுரைப்போராக அவர்கள் ஏற்கப்படுவதே எஞ்சியுள்ள போராட்டமாகும்.

நாம் கொள்ளத்தக்க பாடம்

கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கண்டு வெள்ளி விழா எடுக்கும் இவ்வேளையில், ஜஹீராபாத்து மகளிரின் வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது.

முதலாவது, கல்வி என்பது எழுத்தோடு தொடங்குவதாயினும் எழுத்தோடு முடிவதன்று. பள்ளி வாயிலை மிதியாத பெண்கள் ஒலிபரப்புக் கருவியை இயக்கக் கற்றனர். அவர்களிடம் அறிவு முன்னரே இருந்தது. அதனை அறிவென ஏற்போரே இல்லாதிருந்தனர். நம் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் தாய்மாருள்ளும் விதையறிந்தோர், மருந்தறிந்தோர், பாட்டறிந்தோர் பலருளர். அவர்கள் கூறுவனவற்றை நம் மாணவர்கள் கேட்டுப் பதிவு செய்து வைப்பார்களாயின், அதுவும் கல்வியின் ஒரு பகுதியேயாகும். அதற்கு உரிமம் வேண்டியதில்லை.

இரண்டாவது, உரிமை வரும் நாள் வரையில் வாளாவிருத்தல் கூடாது. பத்தாண்டுக் காலம் நாடாக்களைச் சுமந்து சென்ற அம்மகளிரின் உழைப்பு வீண்போகவில்லை. வாயில் திறக்கும்போது நுழைவதற்கு ஆயத்தமாக இருப்போர்க்கே திறந்த வாயில் பயன்படும். நம் இளைஞர் தேர்வுக்கும் பணிக்கும் காத்திருக்கும் ஆண்டுகளில் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மூன்றாவது, தீர்ப்பும் சட்டமும் நமக்குச் சார்பாக அமைவது பாதி வெற்றியே. அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு அலுவலகந்தோறும் ஏறி இறங்கி, அறிக்கை விடுத்து, விண்ணப்பம் எழுதி, மீண்டும் எழுதிப் பெறுவதே மறுபாதி. அம்மறுபாதிக்கு வேண்டிய படிப்பையும் பொறுமையையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்பதற்காகவன்றோ இத்தகைய கல்விக் கழகங்கள் தோன்றின.

‘பறையன்’ இதழ் தோன்றிய 1893 முதல் சங்கம் வானொலி ஒலித்த 2008 வரையில் நூற்றுப்பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. கருவிகள் மாறின, கேள்வி மாறவில்லை. நம் செய்தியை யார் கூறுவது என்பதே அக்கேள்வி. மாலைப் பொழுதில் மாச்னூரில் ஒரு பெண் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தன் ஊர் வழக்கில், தன் அண்டை அயலாரை விளித்துப் பேசத் தொடங்கியபோது அக்கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. செய்தி கூறும் உரிமையாகிய மறுபாதியைப் பெறும் கடமை, இன்று நம் கழகப் பள்ளிகளில் அமர்ந்திருக்கும் தலைமுறையைச் சார்ந்தது.